வால்வு காலத்தில் கம்ப்யூட்டர் கட்டிய தமிழர்

(இறுதியாண்டு, கணிப்பொறித் துறை)



கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று கேட்டால் முதல் செமஸ்டர் மாணவன்கூட பாபேஜ் என்று சொல்லிவிடுவான். எனியாக் எந்த வருஷம் என்றால் 1946 என்பான். சரி, இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டிய முதல் முழு அளவு கம்ப்யூட்டருக்குத் தலைமை தாங்கியவர் யார்? இங்கேதான் வகுப்பே அமைதியாகிவிடும். போன வருஷம் மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இரண்டு நாள் ஒர்க்ஷாப்புக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்ய வைப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். அந்தப் பாடத்தோடு சேர்ந்து என் காதில் விழுந்த பெயர் ஆர். நரசிம்மன். அப்புறம் நூலகத்திலும் மற்ற இடங்களிலும் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரங்கசாமி நரசிம்மன் 1926 ஏப்ரல் 17ல் சென்னையில் பிறந்தவர். நாடு விடுதலை பெற்ற 1947ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் டெலிகம்யூனிகேஷன் படித்து முடித்தார். பிறகு அமெரிக்காவில் கால்டெக்கில் எலக்ட்ரிகல் எம்.எஸ்., இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். இன்ஜினியரிங் படித்தவர் எதற்குக் கணிதத்துக்குப் போனார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்று தனியாக ஒரு படிப்பு நம் நாட்டில் எங்கேயும் கிடையாது. ஒரு கையில் சர்க்யூட், இன்னொரு கையில் கணக்கு, இரண்டும் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டார்.

1954ல் நாடு திரும்பினார். ஹோமி பாபா 1945ல் ஆரம்பித்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பம்பாயில் வளர்ந்துகொண்டிருந்த நேரம். அணு ஆராய்ச்சி என்றால் கணக்கு மலை மாதிரி குவியும். அதைப் போட மெஷின் வேண்டும். வாங்குவதா, கட்டுவதா?

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஒரு மெஷினை வாங்கியது. பம்பாய்க்காரர்கள் கட்டுவது என்று முடிவு பண்ணினார்கள். குழுவில் பெரும்பாலும் இளைஞர்கள். முதலில் சின்னதாக ஒரு மாதிரி மெஷின் செய்து பார்த்தார்கள். அது 1956ல் ஓடியது. அந்தத் தைரியத்தில் 1957ல் பெரிய மெஷினில் கை வைத்தார்கள். 1960ல் அது வேலைக்கு வந்தது.

அதன் கணக்கைக் கேளுங்கள். 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். நம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் பத்து ரெசிஸ்டரைக் கலர் கோடு பார்த்துப் போடுவதற்குள் நமக்குக் கண் கட்டுகிறது! நினைவகம் 2,048 சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் 40 பிட். அதாவது இன்றைய கணக்கில் வெறும் 10 கே.பி. அதுவும் சிப்பில் இல்லை. மிளகைவிடச் சின்னதான காந்த வளையங்களில். ஒரு வளையம் ஒரு பிட். பெருக்கிப் பார்த்தால் 81,920 வளையம். ஒவ்வொன்றின் ஓட்டைக்குள்ளும் மெல்லிய கம்பி போக வேண்டும். எங்க அம்மாவிடம் இதைச் சொன்னேன். எட்டு வயசிலிருந்து பூக் கட்டுகிற கை அது. இத்தனையையும் கோத்த கை யாருடையதாக இருக்கும் என்றுதான் முதலில் கேட்டது. அந்தப் பெயர்கள் நான் படித்த எதிலும் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது.

1962 ஜனவரியில் நேரு அந்த நிறுவனத்தின் புதுக் கட்டடத்தைத் திறந்து வைத்தபோது மெஷினுக்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டிஃப்ராக் வேலைக்கு வந்தபோதே அது பழசு. வெளிநாட்டில் வால்வு போய் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1964ல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 என்ற பெரிய மெஷின் அதே நிறுவனத்துக்கு வந்து இறங்க, டிஃப்ராக்கின் கதை அத்தோடு முடிந்த மாதிரிதான். அப்படியென்றால் அத்தனை வருஷ உழைப்பும் வீணா? முதலிலேயே வாங்கியிருந்தால் காசும் காலமும் மிச்சம்தானே?

இது நமக்குப் புதுக் கேள்வி இல்லை, நண்பர்களே. இறுதியாண்டு வந்ததும் நம்மில் பாதிப் பேர் மதுரைக்கு பஸ் ஏறி ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி வருகிறோம். ஆறாயிரம் கொடுத்தால் ரிப்போர்ட்டோடு பைண்டிங் பண்ணிக் கொடுக்கிறார்கள். வாய்வாவில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை உண்டு. எங்க வீட்டில் அந்த ஆறாயிரம் என்பது அம்மா விடியுமுன் எழுந்து மல்லிகைக் காட்டுக்குப் போய் வருகிற பல நாள் கூலி. அப்பா சக்கம்பட்டியில் பவர்லூம் ஓட்டுகிறவர். பழைய தறியைப் பிரித்து மாட்டினவனுக்குத்தான் புதுத் தறியில் சத்தம் மாறினால் தெரியும் என்பது அவர் கட்சி. டிஃப்ராக் விஷயத்தில் நானும் அப்பா பக்கம்தான். மெஷின் போனது. ஆனால் மெஷின் எப்படி யோசிக்கிறது என்று விரல் நுனியில் தெரிந்த ஒரு கூட்டம் நாட்டில் உருவாகிவிட்டது. சி.டி.சி. வந்தபோது அதைக் கையாள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

சரி, நரசிம்மன் கதைக்கு வருவோம். 1961ல் அவர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1964 வரை அங்கே. அங்கே இலியாக் III என்று ஒரு வித்தியாசமான மெஷினைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அணுத் துகள்கள் குமிழி அறை என்ற தொட்டிக்குள் பாயும்போது கோடு கோடாகக் குமிழித் தடம் விழும். அதை லட்சக்கணக்கில் போட்டோ எடுப்பார்கள். அத்தனையையும் ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும். இதை மெஷின் பார்க்க முடியுமா என்பது பிரச்சினை. சாதாரண கம்ப்யூட்டர் ஒரு புள்ளியாக, ஒன்று முடிந்து ஒன்றாகப் பார்க்கும். அந்த வேகம் பத்தாது.

ஒரு வாசலில் 32க்கு 32 புள்ளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,024 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கணிப்பான். தன்னைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளை மட்டும் அதற்குத் தெரியும். நடுவிலிருந்து ஒரு கட்டளை வருகிறது: சுற்றிலும் ஒருவரும் கறுப்பாக இல்லையென்றால் நீ வெள்ளையாகிவிடு. அவ்வளவுதான், ஒரே அடியில் படத்திலுள்ள தூசியெல்லாம் போய் கோடுகள் மட்டும் நிற்கும். 1,024 தடவை செய்ய வேண்டிய வேலை ஒரே தடவையில்! இதுதான் இணைக் கணிப்பு. இன்று கேம் விளையாட நாம் ஆசைப்படும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் அடிப்படை இதுதான், பல கணிப்பான்களுக்கு ஒரே கட்டளை.

இதில் நரசிம்மனின் பங்கு என்னவென்றால், சுத்தமான கோடுகள் கிடைத்த பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்பது. எழுத்து சேர்ந்து சொல், சொல் சேர்ந்து வாக்கியம். அதேபோலப் புள்ளி சேர்ந்து கோடு, கோடும் சந்திப்பும் சேர்ந்து படம். ஆக படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்றார். 1964ல் வெளியான அவர் கட்டுரை அந்தத் துறைக்கே ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று. இதே துறையில்தான் பின்னால் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் நம் வீட்டு வாசல் கோலத்துக்கே இலக்கணம் எழுதி 1974ல் கட்டுரை போட்டார்கள். மார்கழியில் அக்கா போடுகிற கோலம் கம்ப்யூட்டர் சயன்ஸ்! நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இலியாக் III என்ன ஆனது தெரியுமா? 1968ல் எரிந்துபோனது. மரப் பலகை போட்ட மேஜையில் ஒரு வேரியாக் ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது. நம்ம மெஷின் லேபில் தினமும் திருகுகிறோமே, அதே வேரியாக். நரசிம்மன் அதற்குள் பம்பாய் திரும்பிவிட்டார். திரும்பக் கட்டினார்கள், முக்கியப் பகுதி வேலையும் செய்தது, ஆனாலும் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. அவர் கை வைத்த இரண்டு மெஷினும் இப்படித்தான் போயின.

இந்தியா திரும்பிய பின் அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965ல் உருவான இந்தியக் கணினிச் சங்கத்துக்கு முதல் தலைவர். 1975ல் சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். 1978ல் ஐ.பி.எம். நாட்டை விட்டுப் போனபோது அதன் மெஷின்களைப் பராமரித்தது சி.எம்.சி.தான். 1977ல் பத்மஸ்ரீ. டாடா நிறுவனத்தில் அவர் வளர்த்த மென்பொருள் மையம் 1985ல் என்.சி.எஸ்.டி. என்ற தனி நிறுவனமாகி, 2003ல் சி-டாக்கோடு சேர்ந்தது.

சி-டாக் யார்? 1980களில் வானிலைக் கணக்குக்கு இந்தியா அமெரிக்காவிடம் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டபோது ஆயிரம் நிபந்தனை. அப்போது நாமே செய்வோம் என்று 1988ல் தொடங்கப்பட்டது. ஒரு பெரிய மூளைக்குப் பதிலாக 64 சின்ன மூளைகளைச் சேர்த்து 1991ல் பரம் 8000 என்ற மெஷினைக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் அதே வாங்குவதா, கட்டுவதா!

பிறகு 1994ல் அமெரிக்காவில் நாசாவில் கடையில் கிடைக்கும் 16 சாதாரண பி.சி.க்களைக் கேபிளில் இணைத்து ஓட்டிக் காட்டினார்கள். கிளஸ்டர் என்பது இதுதான். 2004ல் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 144 மெஷின்களைக் கோத்து கப்ரு என்ற கிளஸ்டரைக் கட்டி, உலகின் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலிலேயே இடம் பிடித்தது. நரசிம்மன் படித்த கிண்டிக்கும் தரமணிக்கும் அதிக தூரமில்லை. அப்போது அவர் பெங்களூரில் இருந்தார்.

ஆள் சேர்த்தால் வேலை அந்த அளவுக்குக் குறையுமா என்றால் குறையாது. மல்லிகைக் காட்டில் பத்துப் பேர் ஆளுக்கொரு வரிசை எடுத்தால் மொட்டு விரிவதற்குள் பறித்துவிடலாம். ஆனால் எடை போடத் தராசு ஒன்றுதான். அங்கே எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வேலையில் பத்தில் ஒரு பங்கு இப்படி ஒற்றை ஆள் வேலையாக இருந்தால், லட்சம் ஆள் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. 1967ல் ஜீன் ஆம்டால் சொன்ன விதி இது. ஒர்க்ஷாப்பில் இதைப் போர்டில் எழுதியபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது, பக்கத்தில் இருந்த பி.இ. மாணவர்கள் இன்னும் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்!

கடைசிக் காலத்தில் நரசிம்மன் மெஷினை விட்டுவிட்டுக் குழந்தைகளைக் கவனிக்க ஆரம்பித்தார். குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? ஒரு தமிழ்க் குழந்தை ஒரு வயது நிறையுமுன் தொடங்கி இரண்டரை வயது தாண்டும் வரை வீட்டில் பேசியதைப் பதிவு செய்து எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவு உலக ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் கிடைக்கிறது. டிஃப்ராக் இல்லை, இலியாக் III இல்லை, அந்தப் பிள்ளையின் மழலை இருக்கிறது.

2007 செப்டம்பர் 3ல் அவர் காலமானார். நம்மில் பலர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை.

ஒரு விஷயம். எங்கள் பேட்ச் ப்ராஜெக்ட் வாங்கப் போவதில்லை. ஸ்டோர் ரூமில் கண்டம் பண்ணிப் போட்ட பழைய பி.சி.க்களில் ஆறு இன்னும் ஆன் ஆகிறது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எட்டுப் போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று மட்டும் வேண்டும். யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் மத்தியானம் கணிப்பொறி லேபுக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் அங்கேதான் இருப்போம்.