மொழியறிஞர் எமனோ

நீலகிரி மலையில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் குடிகளுள் தோடரும் கோத்தரும் குறிப்பிடத்தக்கவர். எருமை வளர்த்தல் தோடர்தம் மரபுத் தொழில். கோத்தர் இரும்பாலும் மரத்தாலும் கருவிகள் செய்துவந்தனர். அவர்தம் மகளிர் மட்கலம் வனைந்துவந்தனர். கோத்தர் செய்த கலங்களும் கருவிகளும் முற்காலத்தில் தோடர் இல்லங்களிலும் படகர் இல்லங்களிலும் பயன்பட்டன. தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகளுக்குத் தமக்கென எழுத்தில்லை. அவற்றைப் பேசுவோரும் மிகச் சிலரே. அதனால் அவற்றை இழிவாகக் கருதினோரும் உண்டு. அம்மொழிகளின் சிறப்பை உலகறியச் செய்தவருள் தலைசிறந்தவர் மர்ரே பார்ன்சன் எமனோ ஆவார்.

எமனோ 1904-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டிலும், பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்று வடமொழியில் புலமை எய்தினார். எட்வர்டு சபீர் என்னும் பேரறிஞரிடம், எழுதப்படாத மொழிகளை ஆராயும் முறையைக் கற்றார்.

1935-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் இங்குத் தங்கி, நீலகிரி மக்களோடு பழகி, அவர்தம் மொழிகளை ஆராய்ந்தார். சுள்ளி என்னும் கோத்தர் தம் குலக் கதைகளைக் கூற, எமனோ அவற்றை ஒலி பிறழாமல் எழுதிக்கொண்டார். அக்கதைகள் 1944 முதல் 1946 வரை நூலாக வெளிவந்தன.

கல்வியும் வாணிகமும் பெருகுங்கால் ஒரு மொழியில் பிறமொழிச் சொற்கள் புகுதல் இயல்பு. ஆயினும், நாள்தோறும் கையாளும் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் பல எளிதில் மாறுவதில்லை. தமிழில் உலக்கை என வழங்குவது மலையாளத்தில் உலக்க, கன்னடத்தில் ஒனகெ, தெலுங்கில் ரோகலி. இவை ஒரு தாய் வயிற்று மக்களைப் போன்றவை. இத்தகைய சொற்களை எமனோ, தாமஸ் பரோ என்னும் அறிஞரோடு சேர்ந்து தொகுத்தார். அவ்வாறு உருவான திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்தது. அதில் தமிழ்ச் சொற்களின் அருகே தோடர், கோத்தர் சொற்களும் இடம் பெற்றன. எழுத்தற்ற மொழிகளும் தமிழின் உடன்பிறப்புகளே என்னும் உண்மை அதனால் விளங்கிற்று.

அத்துடன் எமனோ ஓய்ந்திருக்கவில்லை. அகராதியின் திருந்திய பதிப்பு 1984-இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை எண்பது. நூற்றாண்டு கடந்து வாழ்ந்த அவர் 2005-இல் மறைந்தார்.

இன்று உலக்கையின் வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கின்றது. பொருள் மறைந்தால், நாளடைவில் அதன் பெயரும் மறைந்துபோகும். நம் இல்லத்து முதியோர் வழங்கும் பழஞ்சொற்களைக் கேட்டறிந்து எழுதி வைத்தல் நம் கடமையாகும்.