அடிமைக் கரைக்குத் திரும்பிய தம்பதியர்

மறைபரப்புப் பணி என்றவுடன் நம் மக்களின் மனக்கண்முன் தோன்றுவது வெள்ளை அங்கியும் நீண்ட தாடியும் கொண்ட ஐரோப்பியக் குருவானவர்தாம். மனைவி மக்களோடு மறைப்பணிக்குப் புறப்பட்டவர்களை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே இந்த யூபிலி மலரில் அப்படிப்பட்ட ஒரு தம்பதியரின் வரலாற்றைத் தருவது பொருத்தம் என்று கருதினோம். அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அதற்காக நாம் தயங்க வேண்டியதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவிலே, யொரூபா மக்கள் வாழும் ஓசோகுன் என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அஜாயி. 1821-இல் கொள்ளைப் படையினர் ஊரை எரித்து, சிறுவன் அஜாயியையும் அவன் தாயையும் சகோதரிகளையும் கயிற்றில் பிணைத்து இழுத்துச் சென்றனர். விரைவில் தாயும் மகனும் பிரிக்கப்பட்டனர். ஒருமுறை அச்சிறுவனை ஒரு குதிரைக்கு ஈடாகக் கொடுத்தார்கள். குதிரை பிடிக்கவில்லை என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கை மாறி கை மாறி விற்கப்பட்டபோது மனமுடைந்து, தன் இடுப்புத் துணியால் கழுத்தை நெரித்துக்கொள்ளவும் முயன்றான். இறுதியில் லாகோஸ் துறைமுகத்தில் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரல் மாதம் ஆங்கிலக் கடற்படை அக்கப்பலை மடக்கிப் பிடித்து, அடிமைகளைச் சியரா லியோன் நாட்டில் விடுவித்தது.

அங்கே மிஷன் பள்ளியில் தச்சுவேலையும் எழுத்தும் கற்றான். 1825 டிசம்பர் 11-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்று, சாமுவேல் கிரவுத்தர் ஆனான். அதே குடியேற்றத்தில் அசானோ என்ற பெண்ணும் இருந்தாள். அவளும் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவள். திருமுழுக்கில் சூசன் என்னும் பெயர் பெற்றவள். இவ்விருவரும் மணம் புரிந்து, இருவருமே ஆசிரியப் பணி ஆற்றினார்கள். மூன்று ஆண், மூன்று பெண் என ஆறு பிள்ளைகள் பிறந்தனர்.

1841-இல் நைஜர் நதியில் சென்ற ஆங்கிலப் பயணக் குழுவோடு கிரவுத்தரும் போனார். காய்ச்சலால் நாற்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். இம்மண்ணில் இம்மண்ணின் மைந்தர்களே நற்செய்தி அறிவிக்க வேண்டும் என்பதை அச்சாவுகள் உணர்த்தின. 1843-இல் இலண்டனில் அவர் குருப்பட்டம் பெற்றார்.

பின்பு சூசன் அம்மையாரும் பிள்ளைகளும் உடன்வர, 1845 தொடக்கத்தில் பதாகிரி என்னும் துறைமுகத்தில் வந்திறங்கினார். அன்று அடிமை வியாபாரம் அங்கே ஓய்ந்திருக்கவில்லை. ஐரோப்பியர் அப்பகுதியை அடிமைக் கரை என்றே வரைபடத்தில் குறித்திருந்தனர். கயிற்றில் கட்டி விற்கப்பட்டவர்கள், தம் சொந்தப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரையில் மீண்டும் கால் வைப்பதென்றால் எத்தகைய துணிவு வேண்டும்! நம்மில் எத்தனை தாய்மார் இதற்கு இசைந்திருப்போம் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். உள்நாட்டுக்குப் போகும் வழி திறக்காமையால் ஒன்றரை ஆண்டு அங்கேயே காத்திருந்து, 1846-இல் ஓலுமோ பாறையடியில் அகதிகள் எழுப்பிய அபெயோகுட்டா நகரை அடைந்தனர்.

சென்ற சில வாரங்களிலேயே, ஆகஸ்டு 21-ஆம் நாள், ஒரு மூதாட்டி அவரைத் தேடி வந்தாள். அவள் அவரைப் பெற்ற தாய்! இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த இருவருக்கும் பேச்சு எழவில்லை. கையைப் பற்றியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மெலிந்த கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. சிறு வயதில் அழைத்த செல்லப் பெயர்களால் தாய் அவரை அழைத்தாள். 1848 பிப்ரவரி 5-இல் அபெயோகுட்டாவில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர்களுள் அத்தாயும் ஒருத்தி. அன்னாள் என்ற பெயர் தாங்கி, 1883 வரை வாழ்ந்தாள்.

கிரவுத்தர் யொரூபா மொழிக்கு அகராதி செய்தார். விவிலியத்தின் பல நூல்களைத் தாமே மொழிபெயர்த்தார். அம்மொழியில் ஒரே சொல் குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறு வேறு பொருள் தரும். ஆகவே முதியோரிடம் பேசிப் பேசிச் சொற்களையும் பழமொழிகளையும் சேகரித்தார். தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர் செய்த வேலை அது. 1857-இல் நைஜர் நதிக்கரையில் ஓனிட்சா மறைத்தளத்தைத் தொடங்கினார். 1864 ஜூன் 29-இல் காண்டர்பரிப் பேராலயத்தில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர் இவரே. கணவர் நதியில் மாதக்கணக்கில் பயணம் செய்ய, லாகோசில் குடும்பத்தைத் தாங்கியவர் சூசன் அம்மையார். இவரைப் பற்றி ஏடுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. நம் உபதேசியார்களின் மனைவியர் பெயரும் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? இவர் மகன் டேன்டசன் தந்தையின் பணியில் அர்ச்சுதியாக்கோன் ஆனார். மகள் வழிப் பேரன் எர்பர்ட் மெக்காலே நைஜீரிய தேசிய இயக்கத்தின் முன்னோடி.

முதுமையில் ஆயருக்குக் கிடைத்தது நன்றி அன்று. 1890-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மறைப்பணியாளர்கள், எண்பது வயது கடந்த அவர் முன்னிலையிலேயே அவருடைய ஆப்பிரிக்கக் குருக்களைக் குற்றம் சாட்டிப் பணிநீக்கம் செய்தனர். சிலரிடம் குறை இருந்தது மெய்யே. ஆயினும் ஆயரின் அதிகாரத்தைப் பறித்து அனைவரையும் ஒருங்கே இகழ்ந்தது அநீதி. அவர் குழுவிலிருந்து விலகினார். துணைவியாரை முன்னரே இழந்திருந்த அவர், 1891 டிசம்பர் 31-ஆம் நாள் லாகோசில் இறந்தார். அடுத்து அந்த இடத்துக்கு ஒரு வெள்ளையரையே நியமித்தார்கள். 2014-இல்தான் காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அச்செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

நம் திருச்சபை சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். 1885 இறுதியில் தூய ஆவி சபைக் குருவான ஜோசப் லூட்ஸ் அடிகள் தம் தோழர்களோடு ஓனிட்சா வந்தபோது தங்க இடமில்லை. நல்ல நிலம் ஒன்றை அரசர் ஏற்கெனவே ஆங்கிலிக்கன் மிஷனுக்குத் தந்திருந்தார். அதைக் கத்தோலிக்கருக்கு விட்டுக்கொடுத்தவர் ஆயர் கிரவுத்தர். கடவுளின் பணிக்காகப் பெற்ற நிலம் அது என்பதே அவர் எண்ணம். அந்நிலத்தில் வேரூன்றிய ஓனிட்சா மறைத்தளம் பின்னர் மறைமாவட்டமாயிற்று. அதன் பேராலயத்தில் 1937-இல் குருப்பட்டம் பெற்ற சிப்பிரியன் மைக்கேல் இவேனே தான்சி அடிகளாரை, 1998-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஓனிட்சாவுக்கே வந்து முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.