நந்தி இலச்சினையும் நல்லூர்ச் சுவாமிகளும்

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெரியார் வரிசையில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசருக்குத் தனியிடம் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் என்றும் பன்மொழிப் புலவர் என்றும் அவரைக் கற்றோர் அறிவர். அரச இலச்சினையையும் அரச வமிசத்தையும் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியோ அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை. தத்தம் குடியை நல்லூர் மன்னர் வழியோடு இணைத்துப் பெருமை பேசுவோர் பெருகிவரும் இந்நாளில், அப்பணியை முன்வைத்து அவர்தம் வாழ்வைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

அவர் 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30ஆம் நாள் மானிப்பாயிலே பிறந்தார். தந்தையார் இராசசிங்கம் சுவாமிநாதபிள்ளை. தாயார் தங்கமுத்து அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். தந்தையார் மைந்தரின் இளமையிலேயே காலஞ்சென்றார். பின்னர் அன்னையார் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையை மணந்து கத்தோலிக்க சமயம் புகுந்தார். மைந்தரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பிரகாசர் ஆயினார். நூலெழுதும் பழக்கமும் அச்சுத் தொழிலும் உடையவர் தம்பிமுத்துப்பிள்ளை. ஆதலின் ஏடும் எழுத்தும் சூழ்ந்த இல்லத்திலே பிள்ளை வளர்ந்தார். பெற்ற தந்தையின் வழியோ நல்லூரை ஆண்ட பரராசசேகர மன்னனைச் சென்று சேர்வது என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

கல்வி முடிந்தபின் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராகச் சிலகாலம் பணிபுரிந்தார். அவ்வுத்தியோகத்தைத் துறந்து குருமடம் புகுந்து, 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள் குருப்பட்டம் பெற்றார். அரசர் வழியினர் எனப்பட்டவர் இவ்வாறு இல்லறம் நீத்தார். தம் வழியைத் தொடர மகவின்றி அமைந்தார். குலப்பெருமையால் தமக்கோ தம் பிள்ளைக்கோ எய்தக்கூடிய பயன் ஒன்றும் அவருக்கு இருக்கவில்லை. அரச மரபை ஆராய்வதற்கு இதனினும் தக்க நிலை வேறு யாது?

அவர் கைக்கொண்ட சான்றுகளுள் முதன்மையானது சிறியதொரு செப்புக்காசு. அதன் ஒரு பக்கத்தே நிற்கும் மன்னன் உருவம். மறுபக்கத்தே படுத்திருக்கும் இடபம், மேலே பிறை, கீழே சேது என்னும் தமிழ்ச்சொல். சேது என்றவுடன் இராமநாதபுரத்துச் சேதுபதிகளே நினைவுக்கு வருதல் இயல்பு. நாணய ஆராய்ச்சியாளர் முன்னர் அக்காசுகளை அவர்களுக்கே உரிமையாக்கினர். இவை யாழ்ப்பாணத்து அரசர் வெளியிட்டவை என்பதனை நிலைநாட்டி 1920இல் சுவாமிகள் ஆங்கிலத்திற் கட்டுரை வரைந்தார். அம்முடிபுக்குத் துணையாவன பல. இராமநாதபுரத்திலே சேதுபதிகளின் ஆட்சி தலையெடுத்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். இக்காசுகளோ யாழ்ப்பாணத்து மண்ணிலே மிகுதியாகக் கிடைப்பவை. சேதுகாவலர் என்னும் விருது ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியது. சிங்கைநகர் ஆரியனைக் கூறும் கேகாலைப் பகுதிக் கொட்டகமக் கல்வெட்டும் சேது என்னும் சொல்லை உடையது. இவ்வாறு, பிறர்க்குரியதெனக் கொள்ளப்பட்ட இலச்சினை உரியவரைச் சேர்ந்தது.

இனி நாம் ஊன்றி நோக்கவேண்டுவது அவ்விலச்சினை எதனைக் கூறாது என்பதே. நந்தி இவ்வரசரின் கொடியை நமக்குக் காட்டும்; இவர்கள் யாவர் வயிற்றுப் பிறந்தார் என்பதனைக் காட்டாது. இடபம் பல்லவர்க்கும் சின்னம். கலிங்கத்துக் கங்கர்க்கும் சின்னம். சைவ சமயம் தழுவிய எவ்வரசனும் சிவபெருமான் ஊர்தியைத் தன் கொடியில் ஏற்றலாம். புலியும் வில்லும் கயலும் மூவேந்தர்க்கு உரியவாயினும், அவற்றை எழுதிக்கொண்டார் எல்லாரும் மூவேந்தர் மரபினர் ஆகார். நம் ஊரில் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் இருந்ததனை முதியோர் அறிவர். அக்குறி மாட்டின் உடையவனைக் காட்டுமேயன்றி, அது எந்தப் பசுவின் கன்று என்பதனைக் காட்டாது. அரச இலச்சினைக்கும் இஃது ஒக்கும்.

இவ்வேறுபாட்டைக் காத்தல் அறிஞர்க்கும் எளிதன்று. ஆரியச்சக்கரவர்த்திகளின் முதல்வனாக யாழ்ப்பாண வைபவமாலை கூறுவது கூழங்கைச் சக்கரவர்த்தியை. காலிங்கன் என்னும் பெயரே கூழங்கை எனத் திரிந்ததென்று கொண்டு, அவ்வரசரைக் கலிங்கத்து மாகனோடு இணைத்தார் சுவாமிகள். முதலியார் செ. இராசநாயகமும் கலிங்கத் தொடர்பையே வற்புறுத்தினார். பின்வந்த வரலாற்றாசிரியரோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டியர் படைத்தலைவனாய் ஈழத்துக்கு வந்த ஆரியச்சக்கரவர்த்தியையே அம்மரபின் தொடக்கமாகக் கொள்வர். காசினைக் கொண்டு ஆண்டவரைத் துணிந்த இடத்துச் சுவாமிகளின் முடிபு நிலைத்தது. பெயரின் ஒலியைக் கொண்டு குருதியைத் துணிந்த இடத்து அது தளர்ந்தது. சுவாமிகளின் பெருமை இதனாற் குன்றாது. இலச்சினையும் ஒலியொப்புமையும் மரபுக்கு எத்துணை மெலிந்த சான்று என்பதே இதனாற் பெறப்படும்.

அவ்வாண்டிலேயே போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அம்மரபின் முடிவு துயர் மிக்கது. 1619இல் சிறைப்பட்ட சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1623இல் அங்கே கொலைத்தண்டனை பெற்றான். அரச குடும்பத்து ஏனையோரும் கடல்கடத்தப்பட்டனர். அவருட் சிலர் துறவுமடம் புகுந்தனர். முடிக்கு உரிமை கேட்பார் எழாதபடி நேர்வழி இவ்வாறு அடைக்கப்பட்டது. எனவே இன்று அரசவழி என்போர் கிளைவழியையே காட்டவேண்டும். அக்கிளைகளுக்கோ அக்காலத்து எழுத்துச்சான்று மிக அரிது.

1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் வெளிவந்தது. ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் வேண்ட, 18ஆம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய வைபவமாலையைச் சுவாமிகள் அதன்கண் நுணுகி ஆராய்ந்தார். நம்மவர் பலர் தம் குடிப்பெருமைக்கு அடிப்படையாகக் கொண்ட நூல் அது. அதனை முற்றாகத் தள்ளவுமில்லை, கண்மூடிக் கொள்ளவுமில்லை அவர். கல்வெட்டோடும் அயலார் குறிப்புகளோடும் ஒப்புநோக்கிக் கொள்வன கொண்டார், ஒவ்வாதனவற்றை ஒவ்வாவென்றார். தம் முன்னோராகச் சொல்லப்பட்டவர் கதையையும் அத்தராசிலேயே இட்டார் என்பதே என் நெஞ்சைக் கவர்ந்தது.

பண்டிதர் வகுப்பு மாணாக்கர் சிலர், தம் வீட்டுத் திருமண அழைப்பிதழிலே நந்தியை அச்சிட்டு, அஃது எங்கள் குலச்சின்னம் என்று என்னிடம் காட்டுவதுண்டு. மேல்நாட்டார் வழக்கமும் இதற்கு வேறுபட்டதன்று. இங்கிலாந்திலே 1484இல் ஏற்பட்ட இலச்சினைக் கழகம், சின்னத்தை ஒருவனுக்கும் அவன் வழியினர்க்குமே அளிக்கும்; ஒரே குடும்பப்பெயர் பூண்டார் அனைவர்க்கும் அன்று. செகசிற்பியாரின் தந்தைக்கு 1596இல் சின்னம் அளிக்கப்பட்டபோது, முன்னோர் ஏழாம் என்றி மன்னனுக்குச் செய்த சேவை காரணமாகக் கூறப்பட்டது. அச்சேவைக்குச் சான்று கிடைத்திலது. நம் நாட்டுப் பழைய பத்திரங்களிற் காணும் தொன் என்னும் முன்னடையும் போர்த்துக்கேயர் வழக்கால் வந்ததேயன்றிப் போர்த்துக்கேயக் குருதியைக் குறிப்பதன்று. ஆதலின் தோம்பும் உறுதியும் ஞானஸ்நானப் பதிவும் தேடுமின், எவ்வளவு தூரம் சான்று செல்லுமோ அவ்வளவோடு நின்மின் என்றே மாணாக்கர்க்குக் கூறிவருகின்றேன்.

சுவாமிகள் தம் இறுதிக் காலத்தைச் சொற்களின் குலமுறை காண்பதிற் செலவிட்டார். சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938 முதற் பகுதி பகுதியாக வெளிவந்தது. அது நிறைவுறுமுன் 1947ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் அவர் மறைந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் அரிய நூல்களும் சாம்பலாயின. பின்னர் நேர்ந்த போரில் வீட்டுப் பெட்டகங்களிலிருந்த உறுதிகளும் ஓலைகளும் அழிந்தன. ஆவணம் அழிந்த இடத்தில் கற்பனை விரைந்து முளைக்கும். அழகிய சின்னம் ஒன்றும் உடன் வந்தால் அதனை மறுப்பார் இலர். எஞ்சிய ஓலையையும் பதிவையும் பேணிப் படியெடுத்து வைத்தலே நந்தியை மோதிரத்திற் பொறித்தலினும் முன்னோர்க்கு நாம் செய்யும் பெரிய கடனாம்.