ஊரார் பிள்ளையை வளர்த்த டாக்டர் அம்மாள்

பாலர் பள்ளியில் குழந்தைக்கு ஏற்ற குட்டி நாற்காலி, கைக்கு எட்டும் அலமாரி எல்லாம் இருப்பதைப் பார்க்கிறோம். இவற்றை உலகெங்கும் பரப்பியவர் மாண்டிசோரி அம்மையார்.

1870-ம் ஆண்டு, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமான காலம் அது. அம்மையார் பிடிவாதமாகப் படித்து, 1896-ல் ரோம் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவரைக் காதலித்தார். கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் 1898-ல் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ.

விஷயம் வெளியே தெரிந்தால் தொழிலும் போகும், மானமும் போகும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாம்தான் தாய் என்று சொல்லமாட்டார்.

இந்தத் துயரம்தான் அவரைக் குழந்தைகள் பக்கம் திருப்பியது என்பார்கள். அது முழு உண்மை அல்ல. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அதற்கு முன்பே அவர் கவனித்து வந்தார்.

ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கட்டிடக்காரர்கள் டாக்டர் அம்மாளை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-ந் தேதி, சுமார் 50 குழந்தைகளுடன் பள்ளி தொடங்கியது.

அங்கே ஒரு மூன்று வயதுச் சிறுமி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவு பார்த்து உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றி நின்று பாடும்படி மற்றக் குழந்தைகளிடம் அம்மையார் சொன்னார். சிறுமி திரும்பவே இல்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்! நாற்பது தடவைக்கு மேல் பொருத்திய பிறகுதான் நிமிர்ந்தாள். களைப்பு இல்லை, முகத்தில் சிரிப்பு.

ஒருநாள் ஆசிரியை பீரோவைப் பூட்ட மறந்துவிட்டாள். குழந்தைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றுமுதல் பூட்டுக்கு வேலை போயிற்று. உயரமான பீரோ போய், குட்டை அலமாரி வந்தது.

அம்மையாரின் தாயார் 1912-ல் காலமானார். அதற்குப் பிறகே மரியோ தாயுடன் வந்து சேர்ந்தான். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்!

1939-ல் தாயும் மகனும் சென்னை வந்தார்கள். அடையாறு பிரம்மஞான சபையில் சுமார் 300 பேருக்கு அம்மையார் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் குதித்தது. எதிரி நாட்டவர் என்று மரியோவைப் பிடித்து முகாமில் வைத்தது பிரிட்டிஷ் சர்க்கார். அம்மையார் அடையாறை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70 வயது நிறைந்தது. பிறந்த நாள் பரிசாக மரியோவை விடுதலை செய்தார்கள். வைசிராய் அனுப்பிய செய்தியில் அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தது.

1952-ல் ஹாலந்தில் அம்மையார் காலமானார். உயிலில் மரியோவைத் தம் மகன் என்று எழுதி வைத்திருந்தார்.