பெண்களை நெடுந்தூரம் ஓடவைத்த மருத்துவர்

விளையாட்டு விழா வந்துவிட்டால் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்க நம்மில் பலர் முந்துகிறோம். நெடுந்தூர ஓட்டம் என்றதும் தயங்குகிறோம். பெண்ணின் உடல் அதைத் தாங்காது என்ற எண்ணம் நம் இல்லங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அந்த எண்ணத்தை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடிய ஒருவரை இங்கு நினைவுகூர்வோம். ஓட்டப் பயிற்சி அளிப்பவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியர்களாகவோ முன்னாள் வீரர்களாகவோ இருப்பார்கள். இவரோ ஒரு சிற்றூரின் மருத்துவர்.

எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் 1910-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள எம்மெரிக் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று வால்ட்னீல் என்னும் ஊரில் பணியாற்றினார். நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல், இளைஞருக்கு ஓட்டமும் கற்பித்தார்.

சிறுவர் விளையாடும் விதமே அவருக்குப் பாடமாயிற்று. அவர்கள் சிறிது ஓடுவர், நிற்பர், மீண்டும் ஓடுவர். நாளெல்லாம் அப்படி ஓடியும் களைத்து விழுவதில்லை. அக்காலத்தில் ஜெர்மனியில் குறுகிய தூரத்தைத் திரும்பத் திரும்ப விரைந்து ஓடும் பயிற்சியே புகழ் பெற்றிருந்தது. வான் ஆக்கனோ, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், இடையிடையே நடந்து, நெடுந்தூரம் ஓடச் சொன்னார். அவருடைய மாணவர் ஹரால்ட் நார்போத், 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

ஆனால் அவர் உள்ளத்தை உறுத்தியது பெண்களின் நிலை. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடியவர்கள் களைத்து விழுந்தனர் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 1960 வரை அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடைபெறவில்லை. நீடித்து உழைக்கும் ஆற்றலில் பெண் ஆணுக்குக் குறைந்தவள் அல்லள் என்று, மருத்துவர் என்ற முறையிலேயே வான் ஆக்கன் வாதாடினார்.

1967-இல் கனடாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி மொரீன் வில்ட்டன், 26 மைலுக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தை மூன்றேகால் மணி நேரத்தில் முடித்தாள். பலர் அதை நம்ப மறுத்தனர். வான் ஆக்கன் சொற்போரில் இறங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வால்ட்னீலில் நடந்த மாரத்தானில் இரு பெண்களை ஓடச் செய்தார். அவர்களுள் ஒருவரான அன்னி பேடே எர்ட்காம்ப் 3 மணி 7 நிமிடங்களில் ஓடி முடித்து, அந்தச் சிறுமியின் நேரத்தையும் முந்தினார். ஐயுற்றவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

1972-இல் பேரிடி விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த அவர்மீது மோட்டார் வண்டி மோதியது. இரு கால்களையும் இழந்தார். பிறரை ஓடவைத்தவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். எனினும் மனம் தளரவில்லை. மறு ஆண்டே வால்ட்னீலில் பெண்களுக்கென்றே ஒரு மாரத்தானை நடத்திக் காட்டினார். 1974 செப்டம்பர் 22-ஆம் நாள் பல நாட்டுப் பெண்கள் அவ்வூரில் கூடி ஓடினர். தம் கால்கள் போனபின்பு அவர் பிறருடைய கால்களுக்காக உழைத்ததை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானைச் சேர்க்க 1981-இல் முடிவாயிற்று. ஆனால் 1984 ஏப்ரல் 2-ஆம் நாள் வான் ஆக்கன் காலமானார். நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 5-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக் மாரத்தான் ஓடினர். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் தங்கப் பதக்கம் பெற்றார். வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமீதிருந்து கண்டும் அதில் கால்வைக்காத மோயீசனை இங்கு நாம் நினையாதிருக்க முடியாது.

அன்பு மாணவியரே, அடுத்த விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்திற்கு ஆசிரியை பெயர் கேட்கும்போது, அந்தச் சக்கர நாற்காலியை நினைப்போம். முதலாவதாக வர வேண்டும் என்பதில்லை. மெதுவாகவேனும் ஓடி முடிப்போம்.