மூளையின் நாடி பிடித்தவர்: டாக்டர் ஹான்ஸ் பெர்கர்

இதயம் எப்படி ஓடுகிறது என்று கையைப் பிடித்தே சொல்லிவிடும் நாடி வைத்தியர்கள் நம் ஊர்ப்பக்கம் இருந்திருக்கிறார்கள். ஆனால் மூளைக்கு நாடி ஏது? உண்டு நண்பர்களே! அது மின்சாரமாக ஓடுகிறது. மண்டையைத் திறக்காமலே அதைக் காகிதத்தில் வரைய வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனி நாட்டு மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இன்று ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டி எடுக்கிறார்களே இ.இ.ஜி., அது அவர் கொடுத்த கொடை.

இளமை

பெர்கர் 1873 மே 21 அன்று கோபுர்க் நகருக்கு அருகில் நொய்சஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருத்துவர். தாயைப் பெற்ற தாத்தா யார் தெரியுமா? புகழ்பெற்ற கவிஞர் பிரீட்ரிக் ரூக்கர்ட். பல கீழை நாட்டு மொழிகளோடு தமிழும் கற்று, திருக்குறளின் சில பகுதிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். அந்த வகையில் பெர்கர் நமக்குக் கொஞ்சம் சொந்தம்!

வானியல் படிக்கும் ஆசையோடு யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பெர்கர், சீக்கிரமே படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வருட ராணுவ சேவைக்குப் போனார். அங்கே ஒருநாள் அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டது. கீழே விழுந்தவர், வந்துகொண்டிருந்த பீரங்கி வண்டியின் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி! தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று வெகுதூரத்தில் இருந்த அக்கா மனசு பதறி, தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.

நாமாக இருந்தால் ஊர் பூராவும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மறந்திருப்போம். பெர்கர் மறக்கவில்லை. ஒரு மனதின் எண்ணம் இன்னொரு மனதுக்குப் போகிறது என்றால் மூளையில் ஏதோ ஒரு சக்தி இருக்க வேண்டும், அதை அளந்தே தீருவேன் என்று மருத்துவம் படிக்கப் போனார்.

இருபது வருட முயற்சி

1897-ல் மருத்துவப் பட்டம் பெற்று யேனாவில் பேராசிரியர் ஓட்டோ பின்ஸ்வாங்கரின் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார். தேடியது கிடைக்கவில்லை. முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டம் இருப்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே கண்டிருந்தார். மனித மூளையில் அதைப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கிடையே முதல் உலகப் போர் வந்து ராணுவ மருத்துவராகப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து 1919-ல் மருத்துவமனையின் தலைவரானார். பகலில் நிர்வாகம், மாலையில் தனியறையில் ஆராய்ச்சி. உள்ளே என்ன செய்கிறார் என்று கூட வேலை பார்த்தவர்களுக்கே சரியாகத் தெரியாது.

எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நமக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும். தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் லைட் செல்லின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான்! நாம் லேபில் கையாளும் ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லாமல் கால்வனோமீட்டரை வைத்துத்தான் தொடங்கினார். கண்ணாடி ஆடியில் பட்ட ஒளிக்கீற்று நகரும் போட்டோ காகிதத்தில் கோடு போடும்.

1924 ஜூலை 6. மூளை அறுவை சிகிச்சை நடந்த 17 வயது இளைஞனின் தலையில், எலும்பு நீக்கிய இடத்தில் மின்முனைகளை வைத்தார். கோடு அசைந்தது! உடனே பேப்பருக்குச் செய்தி கொடுத்தாரா? இல்லை. இது இதயத் துடிப்பா, தசையின் மின்சாரமா, ரத்த ஓட்டத்தின் அசைவா என்று ஐந்து வருடம் தன்னையே சந்தேகப்பட்டார். மகன் கிளாவுஸின் தலையிலேயே எத்தனையோ முறை பதிவு செய்தார். எல்லாச் சந்தேகமும் தீர்ந்த பிறகு 1929-ல்தான் கட்டுரை வெளியிட்டார்.

கண்ணை மூடி அமைதியாக இருந்தால் வினாடிக்குச் சுமார் 10 அலை. இதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ ஆல்ஃபா மங்கி, வேகமான பீட்டா தலைகாட்டும். முதலில் பலரும் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஏட்ரியன், 1934-ல் மேத்யூஸ் என்பவருடன் சேர்ந்து சோதித்து உண்மைதான் என்றார். அதன் பிறகே உலகம் பெர்கரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அவர் தேடிப் புறப்பட்ட மனசுக்கு மனசு போகும் தந்தி மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை!

மறதியும் அலையும்

முதுமையில் அறிவு மங்கிப்போன நோயாளிகளையும் பெர்கர் பதிவு செய்தார். அவர்களின் அலைகள் இயல்பு மாறியிருப்பதை 1930-களின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்த விதைதான் இன்று மரமாகியிருக்கிறது.

நம்ம உளுந்தூர்பேட்டைப் பக்கம் தாத்தா ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால், வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுவிடுகிறோம். வயசுக்கு மீறிய மறதி, ஆனால் கடைக்குப் போவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் ஓரளவு நடக்கிறது என்ற நடு நிலையை மருத்துவர்கள் லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். இது வந்த எல்லாருக்கும் பெரிய மறதி நோய் வந்துவிடும் என்றில்லை. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறியும் விடுவார்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவை காரணமாக இருந்தால் வைத்தியம் உண்டு.

இப்படிப்பட்டவர்களைக் கூட்டமாகச் சேர்த்து இ.இ.ஜி. எடுத்த ஆய்வுகளில் ஆல்ஃபா வலுக்குறைந்து வேகம் தணிவதும், 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ள தீட்டா அலை கூடுவதும் தெரிகிறது. ஸ்கேன்களை விட இதற்குச் செலவு குறைவு, ஊசியும் கிடையாது. ஆனால் தனி ஒருவருக்கு இந்தக் கோட்டை மட்டும் பார்த்து நோய் என்று முத்திரை குத்த முடியாது. நினைவாற்றல் சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். ஆகவே தாத்தாவை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போவதுதான் நம் வேலை.

நம் மாநிலத்துக்கும் இந்தத் துறையில் பெருமை உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல்.

ஒரு கறை

பெர்கரின் வாழ்வில் மறைக்கக் கூடாத பக்கமும் இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் 1933-ல் வந்த சட்டம், வலிப்பு, மனச்சிதைவு போன்றவை பரம்பரை நோய் என்று கூறி, அவை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. அதற்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக உட்கார்ந்தார். எந்த வலிப்பு நோயாளிகளுக்கு இ.இ.ஜி. இன்று பெரிய துணையோ, அவர்களுக்கே அநீதி செய்த அமைப்பில் அதைக் கண்டுபிடித்தவரும் ஒருவர்! 1938-ல் ஓய்வு பெற்றார். உடல்நலமும் மனநலமும் குன்றி, 1941 ஜூன் 1 அன்று யேனாவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

தோழர்களே! கையில் கிடைத்த ரீடிங்கை ஐந்து வருடம் சந்தேகப்பட்ட அந்தப் பொறுமையை நாம் பெர்கரிடம் கற்றுக்கொள்வோம். ஒரே மாலையில் ரீடிங் எழுதி ரெக்கார்டு நோட்டை முடிக்கும் நமக்கு அது ரொம்பத் தேவை. அதே சமயம், நாளை நாம் பழுது பார்க்கப்போகும், ஒருவேளை வடிவமைக்கப்போகும் மீட்டரின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையும் மறக்காமல் இருப்போம். முதலாவதை அவர் வெற்றி சொல்கிறது. இரண்டாவதை அவர் தவறு சொல்கிறது.