திண்டிவனத்தில் ஒரு ராத்திரி



நம்ம வேடசந்தூர்ப் பக்கம் யாருக்காவது பெரிய வியாதி வந்துட்டா, வேலூருக்குக் கொண்டு போங்கன்னு சொல்ல ஒருத்தர் இருப்பார். திண்டுக்கல்லில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, சுகத்தோடு திரும்பி வந்து சாட்சி சொன்னவர்கள் நம் மத்தியிலும் உண்டு. ஒரு வாலிப மகள் தூங்காத ஒரு ராத்திரியில்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மிஷனெரி டாக்டர்கள். சின்ன வயசிலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். பசியில் கிடந்த பிள்ளைகளுக்கு அந்தக் குழந்தை ரொட்டியைப் பிட்டு ஊட்டியதாம். வளர்ந்ததும் அமெரிக்காவில் படிக்கப் போனார். மிஷனெரியாக மட்டும் வரமாட்டேன் என்பது அவருடைய தீர்மானம். அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை வாயளவில் ஆமென் போடுவதைவிட இந்த உண்மை எவ்வளவோ மேல் என்பேன்.

1890-ல் அம்மாவுக்குச் சுகமில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். அப்போதுதான் அந்த ராத்திரி வந்தது. ஒரு பிராமணர் வாசலில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைத் தொடக்கூடாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு இஸ்லாமியர் வந்தார், அதே வேதனை, அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூன்று பேரும் மனைவிமேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை பாருங்க. இருட்டில் ஓடி வந்தவர்கள்தானே! வழக்கம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

விடிஞ்சதும் சாவு மேளம் கேட்டது. விசாரிக்க ஆளை அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இதில் ஐடாவின் குற்றம் என்ன? எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொல்லாது. மருத்துவம் படிக்காத பெண் என்ன செய்ய முடியும்? ஆனாலும் அவர் மனசாட்சி அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. அந்தப் புருஷர்களைத் திட்டிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம், நியாயமாகக்கூட இருந்திருக்கும். யூதாசும் மனம் கசந்தான், பேதுருவும் மனம் கசந்தான். ஒருவன் கயிற்றைத் தேடினான், மற்றவன் எழுந்து ஊழியத்துக்குப் போனான். ஐடா அறைக்குள் போய் ஜெபித்தார். வெளியே வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்ள எவ்வளவு தைரியம் வேணும்! நம்ம கூட்டங்களில் கண்ணீர் நிறைய. திங்கட்கிழமை காலையில் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

1899-ல் டாக்டர் பட்டம். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர், மரித்துப்போன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் திரும்பி வந்த அதே வருஷம் அப்பாவும் காலமானார். வேலூரில் ஒரு படுக்கையோடு தனியாகத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி எழும்பியது. பிறகு குடியாத்தம் ரோட்டில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, கிராமத்து ஜனங்களுக்கும், யாரும் கிட்டச் சேர்க்காத குஷ்டரோகிகளுக்கும் மருந்து கொடுத்தார்.

தான் ஒருத்தி போதாது என்று கண்டு, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் சேர்ந்தாலே அதிகம் என்று அரசாங்க மருத்துவ அதிகாரி ஏளனமாக நினைத்தார். முதல் வகுப்பில் 14 பெண்கள் டாக்டராக வெளியே வந்தார்கள். இனி எந்த வீட்டு வாசலிலும் ஒரு பெண் போய் நிற்கலாம்.

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம், 89-ம் வயசில், நம்ம கொடைக்கானல் மலையில்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.